சீலா மீனுக்கு நாதஸ்வரம்

கவனச்சிதறல் தடுப்புக் குழு அமைக்கப்படும் வரை எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் கவனம் சிதறியதாகத் தகவல் இல்லை.

1997 ஜனவரியில் ஒரு பெரிய மனிதர் உச்சிப்புளி அருகே காரில் போய்க்கொண்டிருந்தபோது ஓர் ஆடு அடிபட்டது. ஆடு வந்த திசையில் ஏதோ ஒரு மோட்டார் சைக்கிளில் பாட்டுச் சத்தம் கேட்டதாகக் கார் டிரைவர் சொன்னார். சிதறியது ஆட்டின் கவனமா டிரைவரின் கவனமா என்று தெளிவாகவில்லை. ஆடு வாக்குமூலம் தரும் நிலையில் இல்லை. ஆகவே, மோட்டார் சைக்கிளில் பாட்டு கேட்பதை ஒழிக்க ஒரு குழு போடுவதென்று முடிவாயிற்று. காரில் போன பெரிய மனிதரே தலைவர் ஆனார். நாகநாதன் என்ற ஓய்வுபெறும் வயதிலிருந்த அதிகாரி செயலாளர். இவர்களோடு ஒன்பது உறுப்பினர்கள், ஒரு ஜீப். சாலையில் நின்று கை காட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே என்று கடைசியில் யாருக்கோ ஞாபகம் வந்து, ஏட்டு இருளாண்டியை இரவல் வாங்கினார்கள்.

ஒரு மாதம் இருளாண்டி உச்சிப்புளியில் வெயிலில் நின்றார். பாட்டோடு ஒரு வண்டியும் வரவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களே கொஞ்சம். அதில் பாட்டு வைத்திருந்தவர், விசாரித்த வரையில், ஒரே ஒருவர்தான். அவர் தங்கச்சிமடம் மரியதாஸ்.

மரியதாஸ் மீன் வியாபாரி. விடிந்ததும் கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, பெட்டியை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு பாம்பன் பாலம் ஏறினால், ஒன்பது மணிவாக்கில் சிக்கல் பக்கம் இருப்பார். அந்த நேரத்தில் சிக்கலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். பெண்கள் எல்லாரும் மிளகாய்க் கொல்லையில் பழம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கொல்லைக்கும் ரோட்டுக்கும் இடையில் அரை மைல் இருக்கும், நடுவில் கருவேலங்காடு வேறு. மீன் மீன் என்று கத்தினால் கருவேல மரத்துக்குத்தான் கேட்கும்.

அதனால் அவர் ஒரு பழைய கார் டேப் செட்டை வாங்கி, மீன் பெட்டியின் மேல் இரண்டு ஸ்பீக்கரோடு பூட்டியிருந்தார். அவர் மனைவி ஜோதிமேரி தன் மழைக்கோட்டை வெட்டி அதற்கு உறை தைத்துக் கொடுத்திருந்தார். ஐந்து கேசட் இருந்தன. நாதஸ்வரம் கேட்டால் அன்றைக்குச் சீலா. சோகப் பாட்டு என்றால் சாளை. இரண்டு பேர் மாறி மாறிப் பாடினால் நண்டு. தாலாட்டு என்றால் காரல். அது பிள்ளை பெற்ற வீட்டில் ரசம் வைக்க. மாதா பாட்டு என்றால் படகு கடலுக்குப் போகவில்லை, பெட்டியில் கருவாடுதான்.

இதை யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. ஒன்றிரண்டு வருஷத்தில் தானாக அமைந்தது. பெண்கள் குனிந்த தலை நிமிராமல் காதை மட்டும் கொடுப்பார்கள். சோகப் பாட்டு என்றால் நாலு பேர் வருவார்கள். நாதஸ்வரம் என்றால் மிளகாயைச் சாக்கோடு போட்டுவிட்டு ஓடிவருவார்கள். சீலாவுக்குக் கூலியில் கால் நாள் பிடித்தாலும் பரவாயில்லை என்பது அவர்கள் கணக்கு. எட்டு வருஷத்தில் அந்தப் பாட்டு ஒருநாள்கூடப் பொய் சொன்னதில்லை. ஒரே ஒருமுறை டேப் சிக்கிக்கொண்டு வேறு கேசட் போட நேர்ந்தபோது, மரியதாஸ் வண்டியை நிறுத்திவிட்டு, முள்ளுக்குள் நடந்துபோய், "இது நண்டு இல்லத்தா, வெறும் சாளைதான்" என்று கொல்லை கொல்லையாகச் சொல்லிவிட்டு வந்தார். அவருக்குச் சொத்து என்று இருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

சிக்கல் நெருங்கும்போதுதான் மரியதாஸ் பாட்டைப் போடுவார். பிப்ரவரியில் இருளாண்டியை அந்த ரோட்டுக்கு மாற்றினார்கள், ஒருநாள் அவர் கை காட்டினார்.

"ஏலே, நிப்பாட்டு. பாட்டுக் கேட்டுக்கிட்டா வண்டி ஓட்டுற?"

"நான் கேக்கலை ஏட்டய்யா."

"பின்ன யாரு கேக்குறா?"

"சிக்கல்ல கேப்பாக."

"சிக்கல் இன்னும் ரெண்டு மைல் கெடக்கு!"

"அதான் சத்தமா வைக்கிறேன்."

இருளாண்டி பையைத் துழாவினார். பிறகு படிவம் ஒன்பதை எடுத்தார். ஒன்று முதல் எட்டு வரை அச்சாகி வரவில்லை. படிவத்தில், ஓட்டுநர் பாட்டுக் கேட்டாரா, ரசித்தாரா, ரசித்ததற்கு அறிகுறியாகத் தலையாட்டினாரா என்று பத்திகள் இருந்தன. தலை ஆடியதாக இருளாண்டி எழுதினார். அது உண்மைதான். அந்த ரோட்டில் பாட்டு இல்லாதவர்களுக்கும் தலை ஆடும்.

வண்டி, டேப் செட், கேசட், மீன் பெட்டி எல்லாம் ராமநாதபுரத்தில் குழு அலுவலக வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன. செயலாளர் நாகநாதன் வந்து பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"பாட்டு எதற்காக ஒலித்தது?"

"மீனுக்காகங்கய்யா."

"அப்படியென்றால் மீனும் இந்தக் குற்றத்தில் சம்பந்தப்பட்டது. அதையும் கைப்பற்ற வேண்டியிருக்கும்."

இருளாண்டி காதோரம் குனிந்து சொன்னார்: "சார், இந்த வெயில்ல அதை வச்சிருந்தா சாயங்காலத்துக்குள்ள அது நம்ம ஆபீசைக் கைப்பத்திரும்."

மீனும் வண்டியும் மூன்று மணிக்கு விடுவிக்கப்பட்டன. டேப் செட்டும் கேசட்டுகளும் உள்ளே போயின. மரியதாஸ் கைகட்டி நின்றுகொண்டு, பாட்டு இல்லாவிட்டால் வியாபாரம் இல்லை என்று சொன்னார். நாகநாதன் அவரை உட்காரச் சொல்லவில்லை என்றாலும் அன்பாகவே பேசினார்.

"மரியதாஸ், நாங்கள் இசைக்கு விரோதிகள் அல்ல. நானே தினமும் ஜீப்பில் பாட்டுக் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன். ஆனால் ஓட்டுவது நான் இல்லை, டிரைவர். கேட்பது டிரைவர் இல்லை, நான். இதில்தான் சட்டத்தின் நுட்பம் இருக்கிறது."

"ஒரே ஜீப்புல டிரைவருக்கு எப்படிங்கய்யா கேக்காம இருக்கும்?"

"அவர் அரசு ஊழியர். சொன்னது எதுவும் அவர் காதில் ஏறாது."

மறுநாள் முதல் மரியதாஸ் ஊமையாகச் சிக்கலுக்குப் போனார். நல்ல நகரை மீன் கொண்டுபோய், ஆலமரத்தடியில் நின்று ஹார்னை அமுக்கினார். பஸ் வருகிறது என்று இரண்டு பேர் பையோடு வந்து திட்டிவிட்டுப் போனார்கள். பாதிப் பெட்டி திரும்பி வந்தது. மூன்றாம் நாள் பூமயில் என்ற பெண், கொல்லைக்கு முன்னால் நின்று மிளகாய் எடுப்பவர்களை வேலை வாங்குகிறவர், ரோட்டுக்கு வந்தபோது எதிரில் பட்டார்.

"என்ன மரியதாசண்ணே, ரெண்டு நாளா ஆளக் காணோம்?"

"வந்துக்கிட்டுத்தான் இருக்கேன் தாயி. பாட்டைப் புடுங்கிட்டாக."

"பாட்டைப் போய் எதுக்குப் புடுங்குனாக? அவுகளுக்கு மீன் வேணும்னா கேக்க வேண்டியதுதான?"

வீட்டில் ஜோதிமேரி பதினைந்து நாள் பொறுத்தார். பதினாறாம் நாள், "நீங்க அங்கன போயி கைகட்டி நின்னா நின்னுக்கிட்டேதான் இருப்பீக. மனு எழுதிக் குடுங்க" என்றார். மனு எழுதப்பட்டது. 'பாட்டு எனக்கு அல்ல, ஊருக்கு' என்பது அதன் சாரம். குழு இரண்டு மணி நேரம் கூடிப் பேசியது. ஓட்டுநர் கேட்காமல் பாட்டு ஒலிப்பதற்கு விதியில் தடை இல்லை என்று ஓர் உறுப்பினர் கண்டுபிடித்தார். எனவே, மனுதாரர் வண்டி ஓட்டும்போது இரு காதுகளிலும் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு டேப் செட் திருப்பித் தரப்பட்டது. பஞ்சு மனுதாரர் செலவு.

அடுத்த நாள் மரியதாஸ் பஞ்சோடு, பாட்டோடு போனார். பாட்டு அவருக்கு எங்கோ கிணற்றுக்குள் கேட்பது போல இருந்தது. ரோட்டோரம் ஏட்டு இருளாண்டி வாயை அசைப்பது தெரிந்தது. வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து மரியதாஸும் வணக்கம் வைத்துவிட்டுப் போனார். இருளாண்டி பின்னால் வந்த லாரியில் ஏறித் துரத்திப் பிடித்தார்.

"எத்தனை விசில் அடிச்சேன்! காது கேக்காதா?"

"கேக்கக் கூடாதுன்னுதான் உத்தரவு" என்று மரியதாஸ் காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

இருளாண்டி படித்துப் பார்த்தார். கையெழுத்து சரியாக இருந்தது. ஆனால் அழைத்தும் நிற்காதது தனிக் குற்றம், அதற்கு வேறு படிவம். "நான் என்னப்பா பண்றது? பஞ்சு வச்சாத் தப்பு, எடுத்தாலும் தப்புன்னு ரெண்டு காகிதம் குடுத்திருக்காக. ரெண்டும் என் பைலதான் இருக்கு" என்று வருத்தத்தோடு எழுதினார். டேப் செட் மறுபடி உள்ளே போனது. இந்த முறை அதற்குச் 'சான்றுப் பொருள்' என்று சீட்டு ஒட்டினார்கள்.

மார்ச் கடைசியில் விழிப்புணர்வு வாரம் வந்தது. மோட்டார் சைக்கிளில் பாட்டுக் கேட்பதன் தீமைகளைக் கிராமம் கிராமமாகப் போய் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. சொல்லப்போகிற கிராமங்களில் பெரும்பாலானவற்றில் மோட்டார் சைக்கிள் கிடையாது. அதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. கூட்டம் சேர்க்க ஜீப்பில் பாட்டு வைக்க வேண்டும். குழுவிடம் டேப் செட் இல்லை, சான்றுப் பொருள் இருந்தது. அதை எடுத்து ஜீப்பில் பூட்டினார்கள். ஐந்து கேசட்டையும் போட்டுப் பார்த்த நாகநாதன், அரசு நிகழ்ச்சிக்கு மங்களமாக இருக்கட்டும் என்று நாதஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்தார். முதல் நாள் நிகழ்ச்சி சிக்கலில்.

ஜீப் ஊர் எல்லையைத் தொட்டபோது கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சலசலப்புக் கேட்டது. பிறகு பெண்கள் வெளிப்பட்டார்கள். பத்து, இருபது, ஐம்பது. எல்லார் கையிலும் பாத்திரம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முள்ளை மிதித்து ஓடிவந்தார்கள். இரண்டு மாதமாகப் பாட்டுச் சத்தம் கேட்காமல் கிடந்த ஊர். கேட்டதும் நாதஸ்வரம்.

நாகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்து நான்கு வருடச் சேவையில் அவரைப் பார்க்க யாரும் ஓடிவந்ததில்லை. ஜீப்பின் மேல் ஏறி முக்கால் மணி நேரம் பேசினார்.

"தாய்மார்களே! நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்த வேகத்தைப் பார்க்கும்போது, இந்தச் செய்திக்காக எத்தனை காலம் ஏங்கியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. பாட்டு மனிதனின் கவனத்தைக் கெடுக்கிறது. பாட்டைக் கேட்டதும் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுகிறான். அப்படிப்பட்டவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

பெண்கள் பொறுமையாகக் கேட்டார்கள். மீன் அதிகம் வந்திருக்கிறது, அதனால் ஏதோ பேசிவிட்டுத் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். பேச்சு நின்றதும் பூமயில் முன்னால் வந்தார்.

"பேசி முடிச்சிட்டீகளாய்யா? மூடியத் தெறங்க."

"எந்த மூடி?"

"பெட்டி மூடி. சீலா எங்கன வச்சிருக்கீக?"

ஜீப்பைச் சுற்றிவந்து, இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்கள். துண்டறிக்கைதான் இருந்தது. ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். சிலர் அதையும் பாத்திரத்தில்தான் வாங்கிக்கொண்டார்கள். புகைப்படக்காரர் அதைப் படம் எடுத்தார். 'கிராமத்துத் தாய்மார்கள் எண்பது பேர் பாத்திரங்களுடன் திரண்டு வந்து விழிப்புணர்வைப் பெற்றுச் சென்றனர்' என்று அறிக்கை போனது. தலைவர் படத்தைப் பார்த்துவிட்டு, வார நிறைவு நாளுக்குத் தானே சிக்கலுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

இரண்டாம் நாள் பக்கத்து ஊரில் முப்பது பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் நாலு பேர். நாதஸ்வரம் பொய் சொல்கிறது என்ற செய்தி ஜீப்பை விட வேகமாகப் போய்விட்டது. நாகநாதன் கலங்கிப்போனார். தலைவர் வரும்போது மைதானம் காலியாக இருந்தால் என்ன செய்வது? அப்போதுதான் ஏட்டு இருளாண்டி, தன் சம்சாரம் அந்தப் பக்கத்து ஊர்க்காரி என்பதால் தெரிந்துவைத்திருந்த விஷயத்தை, எந்தப் பாட்டுக்கு எந்த மீன் என்று விளக்கிச் சொன்னார்.

நாகநாதன் ஆள் அனுப்பி மரியதாஸை வரவழைத்தார். இந்த முறை உட்காரச் சொன்னார்.

"நிறைவு நாளில் ஜீப் முன்னால் போகும், நீ மீன் பெட்டியோடு பின்னால் வர வேண்டும். பேச்சு முடிந்ததும் நீ உன் வியாபாரத்தைப் பார்த்துக்கொள். செட்டைத் திருப்பித் தருவது பற்றி அப்புறம் பரிசீலிப்போம்."

"ஜீப்புல என்ன பாட்டுங்கய்யா?"

"நாதஸ்வரம்தான். தலைவர் வருகிறாரே."

"அப்பச் சீலா இருந்தாத்தான் நான் வர முடியும். சாளை வந்தா சோகப் பாட்டுப் போடச் சொல்லுங்க."

நாகநாதன் எழுந்து நின்றுவிட்டார். "தலைவர் வரும்போது சோகப் பாட்டா? ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?"

"சாளைன்னு நினைப்பாகய்யா."

"மீனை நீ மாற்றிக்கொள். அரசாங்கம் பாட்டை மாற்றாது."

நிறைவு நாளன்று ராமேஸ்வரத்தில் படகுகள் கடலுக்குப் போகவில்லை. வேலைநிறுத்தம். கரையில் மீனைத் தவிர எல்லாம் இருந்தது. மரியதாஸ் வீட்டில் கிடந்த கருவாட்டைப் பெட்டியில் கட்டினார். போகாமல் இருந்தால் செட் திரும்பி வராது. போனால், தன் பாட்டு தன் முன்னாலேயே பொய் சொல்லும். ஜோதிமேரி வாசல் வரை வந்தார்.

"என்ன செய்யப் போறீக?"

"தெரியலை. போயிப் பாக்குறேன்."

சிக்கலுக்கு இரண்டு மைல் முன்னால் ஊர்வலம் ஆரம்பமானது. முதலில் ஜீப், அடுத்துத் தலைவரின் கார், கடைசியில் மரியதாஸ். ஜீப்பில் நாதஸ்வரம் முழங்கியது. இந்த நாதஸ்வரம் பொய் சொல்லும் என்று அறிவுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் ஆசை மறப்பதில்லை. பின்னால் மீன் பெட்டி வருகிறது என்று யாரோ கருவேலங்காட்டுப் பக்கம் கண்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். காடு விலகிய ஒரு திருப்பத்தில், கொல்லையில் ஒவ்வொரு தலையாக நிமிர்வது மரியதாஸுக்குத் தெரிந்தது. முதல் பெண் முந்தானையைச் செருகினாள்.

மரியதாஸ் முறுக்கினார். காரைத் தாண்டினார். ஜீப்பைத் தாண்டினார். ரோட்டை விட்டு இறங்கி, வண்டிப் பாதையில் பெட்டி குலுங்கக் கொல்லைக்குள் போய், வண்டி மேல் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார்:

"பாட்டை நம்பாதீக! சீலா இல்லை! இன்னைக்குக் கருவாடுதான்! வேலையப் பாருங்கத்தா!"

தலைகள் மறுபடி குனிந்தன. பூமயில் மட்டும் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு பார்த்து, "சரிண்ணே, போறப்ப எனக்குக் கால் கிலோ போட்டுட்டுப் போங்க" என்றார்.

மைதானத்தில் தலைவருக்காக இரண்டு ஆடுகள் காத்திருந்தன. அவை அவரைப் பார்த்ததும் ஒதுங்கின. ஆனாலும் தலைவர் அசரவில்லை. மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் காலி மைதானம் இந்தக் குழுவின் வெற்றி. முதல் நாள் எண்பது பேர். இன்று ஒருவரும் இல்லை. ஏன்? இந்த ஊரில் இனி விழிப்புணர்வு தேவைப்படும் ஆள் ஒருவர்கூட மிச்சம் இல்லை!"

உறுப்பினர்கள் ஒன்பது பேரும் கைதட்டினார்கள்.

ரோட்டோரத்தில் இருளாண்டி மரியதாஸை நிறுத்திப் படிவம் ஒன்பதை எடுத்தார். தலைவரின் காரை முந்தியதற்கு ஏதாவது எழுதியாக வேண்டும் என்று நாகநாதன் உத்தரவு. வண்டியில் செட் இல்லை. ஆனால் ஜீப்பின் பாட்டு அவர் காதில் விழுந்ததல்லவா?

"ஏம்ப்பா, பாட்டைக் கேட்டியா?"

"கேட்டேன் ஏட்டய்யா."

'ஓட்டுநர் பாட்டுக் கேட்டாரா?' என்ற பத்தியில் இருளாண்டி 'ஆம்' என்று எழுதினார். 'அதனால் கவனம் சிதறியதா?' என்ற பத்திக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். மைதானத்தைப் பார்த்தார். கொல்லையைப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'கேட்டார். நம்பவில்லை.'

மே மாதம் டேப் செட் திரும்பி வந்தது. கூட்டம் சேர்க்கும் தகுதியை இழந்துவிட்டதால் குழுவுக்குப் பயன்படாத பொருள் என்று குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார்கள். உறை கிழிந்திருந்தது. ஐந்து கேசட்டும் இருந்தன. மரியதாஸ் மறுபடி சிக்கலுக்குப் போகத் தொடங்கினார். சோகப் பாட்டுக்கு நாலு பேர் வந்தார்கள், டூயட்டுக்குப் பத்துப் பேர். எல்லாம் பழையபடிதான்.

ஒன்றைத் தவிர. முதல் சீலா வந்த நாளில் நாதஸ்வரத்தைப் போட்டுக்கொண்டு ஆலமரத்தடியில் அரை மணி நேரம் நின்றார். ஒருவரும் வரவில்லை. கொல்லைக்குள் நடந்துபோய்ப் பார்த்தால், பெண்கள் பாத்திரங்களை மிளகாய்ச் சாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டுக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"யாரு, நீயாண்ணே?" என்று பூமயில் நிமிர்ந்தார். "அந்த ஜீப்புக்காரக பேச வந்துட்டாகன்னுல்ல நாங்க நினைச்சோம்."